‘ஆறு சுத்தமாகிவிட்டது’ என்றால் என்ன அர்த்தம்? கிம் கிம் ஆற்றை வைத்து ஒரு விளக்கம்

வகுப்பில் உட்கார்ந்திருக்கிறீங்க. ஜன்னல் வழியா கடுமையான ஒரு நெடி உள்ளே வருது. கொஞ்ச நேரத்தில் பக்கத்து மேசை நண்பருக்குத் தலைசுற்றல். இன்னொருவருக்கு வாந்தி. மூன்றாமவருக்கு மூச்சு விடவே சிரமம். என்ன நடக்கிறது என்று ஆசிரியருக்கும் தெரியவில்லை.

2019 மார்ச் 7-ஆம் தேதி காலை, ஜொகூர் பாசிர் கூடாங்கில் தாமான் பாசிர் பூத்தே வட்டாரப் பள்ளிகளில் இப்படித்தான் தொடங்கியது. காரணம், பள்ளிகளுக்குப் பக்கத்தில் ஓடும் சுங்கை கிம் கிம் ஆற்றில் யாரோ கொட்டிவிட்டுப் போன இரசாயனக் கழிவு.

அந்தச் சம்பவத்தைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டிருக்கலாம். அப்போது நீங்களே பாசிர் கூடாங்கில் படித்துக்கொண்டிருந்த மாணவராகவும் இருக்கலாம். ஆனால் இந்தக் கட்டுரை சம்பவத்தைவிட அதற்குப் பிறகு வந்த ஒரு சொல்லைப் பற்றியது: ‘துப்புரவுப் பணி முடிந்தது.’ எந்த இரசாயன விபத்துக்குப் பிறகும் அதிகாரிகளிடமிருந்து இந்த வரி வரும். அதை எப்படிப் படிப்பது? எப்போது நம்பலாம்? எப்போது இன்னொரு கேள்வி கேட்க வேண்டும்?

சுருக்கமாகச் சொன்னால்:

• கிம் கிம் சம்பவத்தில் பெரிய பாதிப்பு முதல் நாளில் வரவில்லை. ‘அடங்கிவிட்டது’ என்று எல்லாரும் நினைத்த பிறகுதான் வந்தது.
• ஆற்று நீர் தெளிவாக இருப்பதும், ஆற்றில் நச்சு இல்லை என்பதும் ஒன்றல்ல.
• நம் கைப்பேசியில் பார்க்கும் காற்றுத் தூய்மைக் குறியீடு, இந்த வகை நச்சு வாயுக்களைக் கண்டுபிடிக்க உருவாக்கப்பட்டது அல்ல.

என்ன நடந்தது?

மார்ச் 7 அதிகாலையில் ஒரு டேங்கர் லாரி கிம் கிம் ஆற்றில் சட்டவிரோதமாகக் கழிவைக் கொட்டியது. அதன் அளவு 20 முதல் 40 டன் வரை இருக்கலாம் என்று அப்போது மதிப்பிடப்பட்டது. காலையில் பள்ளி தொடங்கியதும் மாணவர்களுக்கும் பள்ளி ஊழியர்களுக்கும் குமட்டல், வாந்தி, மூச்சுத்திணறல். ஆற்றுக்கு அருகில் இருந்த இரண்டு பள்ளிகள் முதலில் மூடப்பட்டன.

அது ஒரு வியாழக்கிழமை. அந்தக் காலத்தில் ஜொகூரில் வெள்ளியும் சனியும்தான் வார விடுமுறை. வார இறுதி வந்தது, கொஞ்சம் அமைதி திரும்பியது. பலரும் பெருமூச்சு விட்டார்கள்.

மார்ச் 11, திங்கட்கிழமை. மறுபடியும் ஆட்கள் மயங்கத் தொடங்கினார்கள். இந்த முறை எண்ணிக்கை மிக வேகமாக ஏறியது. அக்கம்பக்கத்தில் இருந்த மற்ற பள்ளிகளிலிருந்தும் மாணவர்களைக் கொண்டுவந்தார்கள். பாசிர் கூடாங் உள்ளரங்கு விளையாட்டு மையம் ஒரு தற்காலிக மருத்துவ முகாமாக மாறியது. ஜொகூர் பாருவின் சுல்தான் இஸ்மாயில் மருத்துவமனைக்கு ஆம்புலன்ஸ்கள் போய்க்கொண்டே இருந்தன.

மார்ச் 13-ஆம் தேதி அப்போதைய கல்வி அமைச்சர் மஸ்லீ மாலிக், பாசிர் கூடாங்கில் 111 பள்ளிகளை உடனே மூட உத்தரவிட்டார். தேசியப் பள்ளி, சீனப் பள்ளி, தமிழ்ப்பள்ளி என்ற வித்தியாசம் எதுவும் இல்லை. காற்றுக்கு அதெல்லாம் தெரியாது, இல்லையா? மறுநாள் அப்போதைய பிரதமர் துன் மகாதீர் நேரில் வந்து பார்த்தார்.

மொத்தத்தில் சுமார் 6,000 பேர் பாதிக்கப்பட்டார்கள். அவர்களில் 2,700-க்கும் மேற்பட்டோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். உயிரிழப்பு இல்லை. அது நமக்குக் கிடைத்த பெரிய ஆறுதல். ஆனால் ஒரே ஒரு லாரி, ஒரே ஒரு இரவு, ஒரு சின்ன ஆறு. அதற்கு ஒரு நகரமே நின்றுபோனது.

ஏன் இரண்டாவது அலை?

இங்கேதான் நாம் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். துப்புரவு என்றால் என்ன என்பதற்கான பாடமே இந்த இடைவெளியில்தான் இருக்கிறது.

முதல் நாளில் கண்ணுக்குத் தெரிந்த கழிவு அகற்றப்பட்டது. ஆனால் எல்லாம் போகவில்லை. எண்ணெய்த் தன்மை கொண்ட கழிவு தண்ணீரோடு சும்மா ஓடிப்போய்விடாது. ஒரு பகுதி மேலே மிதக்கும். ஒரு பகுதி கரையில் உள்ள புல், வேர், குப்பை எல்லாவற்றிலும் ஒட்டிக்கொள்ளும். இன்னொரு பகுதி அடியில் உள்ள சேற்றோடு கலந்துவிடும். மேலே இருந்து பார்த்தால் ஆறு பழையபடி ஓடுவது போலத்தான் தெரியும்.

அப்புறம் வெயில் அடிக்கும். வீட்டில் மிளகாய் தாளிக்கும்போது பாருங்க. டப்பாவில் இருக்கும்வரை மிளகாய் யாரையும் ஒன்றும் செய்வதில்லை. சூடான எண்ணெயில் விழுந்ததும் வீடே இருமும். பென்சீன், டொலுவீன் போன்ற பொருள்களுக்குத் தாளிக்கும் அளவு சூடுகூடத் தேவையில்லை. நம் ஊர் மத்தியான வெயிலே போதும், அவை வேகமாக ஆவியாகிவிடும். காற்று எந்தப் பக்கம் வீசுகிறதோ அந்தப் பக்கம் போகும்.

அந்த வாரம் வெயில் கடுமையாக இருந்தது. வெப்பமும் காற்றும் சேர்ந்து ஆற்றில் மிச்சமிருந்த கழிவிலிருந்து வாயுக்களை மேலே கிளப்பிப் பரப்பின என்று அதிகாரிகள் விளக்கினார்கள். அதாவது, இரண்டாவது அலைக்குப் புதிய கழிவு எதுவும் தேவைப்படவில்லை. பழையதில் மிச்சம் இருந்ததே போதுமானதாக இருந்தது.

காற்றில் என்ன இருந்தது?

அப்போது எரிசக்தி, அறிவியல், தொழில்நுட்பம், சுற்றுச்சூழல், பருவநிலை மாற்ற அமைச்சராக இருந்தவர் இயோ பீ யின். கண்டறியப்பட்ட வாயுக்களின் பட்டியலை அவரது அமைச்சு வெளியிட்டது. அதில் சிலவற்றை மட்டும் பார்ப்போம்.

அக்ரோலின்: கண், மூக்கு, தொண்டை மூன்றையும் எரியவைக்கும். மிகக் குறைந்த அளவிலேயே எரிச்சல் தொடங்கிவிடும்.

அக்ரிலோநைட்ரைல்: பிளாஸ்டிக், செயற்கை இழை தயாரிப்பில் பயன்படுவது. உடலுக்குள் போனால் அதன் ஒரு பகுதி சயனைடாக மாறும். தலைவலி, குமட்டல், மயக்கம் வருவதற்கு அதுவும் ஒரு காரணம். உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2024-இல் இதை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் சேர்த்தது.

பென்சீன்: பெட்ரோலிலும் கொஞ்சம் இருக்கும் பொருள்தான். நீண்ட காலம் சுவாசித்தால் இரத்தப் புற்றுநோய் அபாயம் உண்டு.

டொலுவீன், சைலீன், எத்தில்பென்சீன்: பெயின்ட், தின்னர் கடைகளில் வரும் நெடிக்குச் சொந்தக்காரர்கள். அளவு கூடினால் தலைசுற்றும், தடுமாற வைக்கும்.

இதில் ஒரு விஷயத்தைப் பிரித்துப் புரிந்துகொள்ள வேண்டும். ‘புற்றுநோய் உண்டாக்கும்’ என்ற சொல்லைப் பார்த்ததும் பயம் வருவது இயல்பு. ஆனால் சில மணி நேரம் சுவாசிப்பதும், தொழிற்சாலையில் பல வருடம் தினமும் சுவாசிப்பதும் ஒன்றல்ல. ஆபத்து என்பது எந்தப் பொருள், எவ்வளவு, எத்தனை நேரம் என்ற மூன்றையும் பொறுத்தது. அதனால்தான் ‘பயப்பட ஒன்றுமில்லை’ என்ற பதிலும் போதாது, ‘எல்லாருக்கும் கேன்சர் வரும்’ என்ற வாட்ஸ்அப் செய்தியும் சரியில்லை. எண்களைக் கேட்க வேண்டும்.

துப்புரவு எப்படி நடக்கும்?

இரசாயனத் துப்புரவு என்றதும் நம் மனதில் வருவது முழு உடையும் முகமூடியும் அணிந்த ஆட்கள்தான். கிம் கிம் ஆற்றிலும் தீயணைப்பு மீட்புத் துறையின் ஹஸ்மட் குழு, சுற்றுச்சூழல் துறை, இராணுவத்தின் இரசாயனப் பிரிவு என்று பல தரப்பும் களத்தில் இருந்தன. ஆற்றின் சுமார் 1.5 கிலோமீட்டர் தூரத்தைச் சுத்தப்படுத்த 64 லட்சம் வெள்ளி ஒதுக்கப்பட்டது. வேலையைப் பொதுவாக ஆறு கட்டமாகப் பிரிக்கலாம்.

1. மூலத்தை நிறுத்துவது. கழிவு இன்னும் எங்கிருந்தாவது கசிகிறதா? கொட்டிய இடம் ஒன்றுதானா, பலவா? இதற்கு விடை தெரியாமல் சுத்தம் செய்வது, குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு தரையைத் துடைப்பது போல.

2. எல்லை கட்டுவது. ஆற்றின் குறுக்கே மிதவைத் தடுப்புகளைப் போட்டு, மிதக்கும் எண்ணெய் கீழ்நோக்கிப் போகாமல் தடுப்பார்கள். கிம் கிம் போன்ற கரையோர ஆற்றுக்கு இது இன்னும் முக்கியம். கீழே போனால் கண்டல் காடு, மீனவர்களின் வலை, பாசிர் பூத்தேயில் வளர்க்கப்படும் பச்சை மட்டி. எல்லாமே பாதிக்கப்படும்.

3. உறிஞ்சி எடுப்பது. மிதக்கும் கழிவையும் கலங்கிய நீரையும் பம்ப் வைத்த லாரிகளில் இழுப்பார்கள். மிச்சத்தை உறிஞ்சு விரிப்புகளால் ஒத்தி எடுப்பார்கள்.

4. மண்ணை அள்ளுவது. பலரும் மறந்துவிடுவது இந்தக் கட்டத்தைத்தான். சேற்றிலும் கரை மண்ணிலும் ஊறிய கழிவை மண்ணோடு சேர்த்துத் தோண்டித்தான் எடுக்க வேண்டும். செலவும் நேரமும் அதிகம் ஆவது இங்கேதான். இதை விட்டுவிட்டால் அடுத்த வெயிலில் கதை மறுபடியும் தொடங்கும்.

5. அள்ளியதை அழிப்பது. அள்ளிய மண்ணும் இப்போது நச்சுக் கழிவுதான். அதை எங்கேயோ ஓரிடத்தில் குவித்துவைக்க முடியாது. உரிமம் பெற்ற மையத்துக்குக் கொண்டுபோய் எரிக்கவோ, பதப்படுத்திப் பாதுகாப்பாகப் புதைக்கவோ வேண்டும். நெகிரி செம்பிலானில் உள்ள குவாலிட்டி ஆலாம் மையம் மலேசியாவில் இதற்குப் பெயர்போனது.

6. அளப்பது, மறுபடியும் அளப்பது. காற்று, நீர், மண் மூன்றையும் தனித்தனியாகச் சோதிக்க வேண்டும். ஒரு முறை இல்லை. காலை, மதியம், இரவு. வெயில் நாள், மழை நாள்.

மார்ச் மாதம் முடிவதற்குள் ஆற்றுத் துப்புரவு முடிவடைந்தது. பள்ளிகள் மறுபடியும் திறந்தன. ஆனால் பெற்றோர்கள் மனதில் ஒரு கேள்வி இருந்தது: போன வாரமும் ‘அடங்கிவிட்டது’ என்றுதானே நினைத்தோம்?

காற்றுக் குறியீடு பச்சையாக இருந்தால் போதுமா?

புகைமூட்டக் காலத்தில் நாம் எல்லாரும் காற்றுத் தூய்மைக் குறியீட்டைத் திறந்து பார்ப்போம். 50-க்குள் இருந்தால் நல்லது, 100-ஐத் தாண்டினால் மோசம். பழகிப்போன கணக்கு. அதனால் இரசாயன நெடி வந்தாலும் கை தானாக அதே பக்கத்தைத் திறக்கும்.

அங்கேதான் ஏமாறுவோம். மலேசியாவின் குறியீடு ஆறு பொருள்களைத்தான் கணக்கில் எடுக்கிறது: இரண்டு அளவிலான நுண்துகள்கள், சல்பர் டையாக்ஸைடு, நைட்ரஜன் டையாக்ஸைடு, ஓசோன், கார்பன் மோனாக்ஸைடு. அக்ரிலோநைட்ரைல் அந்தப் பட்டியலில் இல்லை. அக்ரோலின் இல்லை. பென்சீனும் இல்லை. உங்கள் பள்ளியில் மாணவர்கள் மயங்கி விழும் நேரத்திலும் குறியீடு ‘மிதமானது’ என்று காட்ட முடியும். கருவி பொய் சொல்லவில்லை. நாம் கேட்ட கேள்வி வேறு, அது பதில் சொல்லும் கேள்வி வேறு.

ஆற்றுக்கும் இதே கதைதான். ஆற்று நீரின் தரக் குறியீடு கரைந்த ஆக்சிஜன், அம்மோனியா நைட்ரஜன், மிதக்கும் திடப்பொருள், அமில-காரத் தன்மை, கூடவே கரிமக் கழிவைக் காட்டும் இரண்டு அளவீடுகள் என ஆறு விஷயங்களைப் பார்க்கிறது. வீட்டுக் கழிவுநீர், பண்ணைக் கழிவு, மண் அரிப்பு ஆகியவற்றைப் பிடிக்க அது நல்ல கருவி. சேற்றுக்குள் ஒளிந்திருக்கும் டொலுவீனைப் பிடிக்க அது உருவாக்கப்படவில்லை.

அதனால்தான் இப்படிப்பட்ட நேரத்தில் தனி கேஸ் டிடெக்டர் கருவிகளும், ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பும் மாதிரிகளும் தேவைப்படுகின்றன. ‘குறியீடு இயல்பாக உள்ளது’ என்று ஓர் அறிக்கை சொன்னால், எந்தக் குறியீடு என்று கேளுங்கள்.

அறிக்கையைப் படிக்க ஐந்து கேள்விகள்

அடுத்த முறை உங்கள் வட்டாரத்தில் துப்புரவு அறிக்கை வந்தால், அதை வைத்துக்கொண்டு இந்த ஐந்தையும் கேட்டுப் பாருங்கள்.

எதைச் சோதித்தார்கள்? காற்றா, நீரா, மண்ணா? மூன்றில் ஒன்றை மட்டும் சொல்லியிருந்தால் மற்ற இரண்டும் என்ன ஆயிற்று?

எந்தப் பொருளைத் தேடினார்கள்? பெயர் சொல்லாமல் ‘இரசாயனம் எதுவும் இல்லை’ என்றால் அந்த வரியை வைத்து ஒன்றும் முடிவு செய்ய முடியாது. தேடாத பொருள் எந்தச் சோதனையிலும் கிடைக்காது.

எண் எவ்வளவு, வரம்பு எவ்வளவு? அந்த வரம்பு யாருக்கானது என்பதும் முக்கியம். தொழிற்சாலை வரம்பு பொதுவாக எட்டு மணி நேரம் வேலை செய்யும் பெரியவர்களுக்கானது. ஏழு வயதுப் பிள்ளைக்கும், ஆஸ்துமா உள்ளவருக்கும், அங்கேயே 24 மணி நேரமும் குடியிருக்கும் தாத்தாவுக்கும் அது பொருந்தாது.

எங்கே, எப்போது அளந்தார்கள்? காலை எட்டு மணிக்கு எடுத்த அளவு மதியம் இரண்டு மணி வெயிலுக்குப் பதில் சொல்லாது.

அடுத்த சோதனை எப்போது? ‘முடிந்தது’ என்று மட்டும் இருந்தால் அது பாதி அறிக்கை. ‘அடுத்த சோதனை இந்தத் தேதியில்’ என்று இருந்தால்தான் முழு அறிக்கை.

இவற்றைக் கேட்பது அதிகாரிகளை எதிர்ப்பதற்காக இல்லை. களத்தில் இறங்கி வேலை செய்தவர்களும் அதே காற்றைத்தான் சுவாசித்தார்கள். நல்ல அறிக்கை அவர்கள் உழைப்புக்கும் மரியாதை.

கழிவு ஏன் ஆற்றுக்குப் போகிறது?

பாசிர் கூடாங் 1970-களிலிருந்து திட்டமிட்டு வளர்க்கப்பட்ட தொழில் நகரம். 2019-இல் அங்கே ஏறத்தாழ 2,000 தொழிற்சாலைகள் இருந்தன, அவற்றில் சுமார் 250 இரசாயனம் சார்ந்தவை என்று சொல்லப்பட்டது. நம் குடும்பங்களில் எத்தனையோ பேருக்குச் சோறு போட்ட ஊர் அது. வேலையும் அங்கேதான், வீடும் அங்கேதான், பள்ளியும் அங்கேதான்.

அப்போ சட்டம் இல்லையா? இருக்கிறது. மலேசியாவில் 2005-ஆம் ஆண்டு விதிகள் 77 வகைக் கழிவுகளை ‘அட்டவணைக் கழிவு’ என்று பட்டியலிடுகின்றன. இந்தக் கழிவை உண்டாக்கும் ஆலை, பெயர் ஒட்டி, கணக்கு எழுதி, பாதுகாப்பாக வைக்க வேண்டும். அதிகபட்சம் 180 நாள் அல்லது 20 டன். அதற்குமேல் வைத்திருக்க அனுமதி வாங்க வேண்டும். லாரியில் ஏற்றுவது முதல் அழிப்பது வரை ஒவ்வொரு கையும் மாறுவது இணையத்தில் பதிவாக வேண்டும்.

ஆனால் முறைப்படி அழிக்கக் காசு வேணும். இரவு நேரத்தில் ஆற்றில் கொட்ட டீசல் செலவு மட்டும்தான். இந்த வித்தியாசம்தான் குற்றத்தின் ஊற்று. யாரோ மிச்சப்படுத்திய பணத்தை, பிறகு 64 லட்சம் வெள்ளித் துப்புரவாகப் பொதுமக்களின் வரிப்பணம் கட்டியது. மருத்துவச் செலவும், மூடிய பள்ளிகளும், மீன் விற்க முடியாத மீனவர்களும் அந்தக் கணக்கில் சேரவில்லை.

கிம் கிம் சம்பவம் தொடர்பாக 2019 மார்ச் மாத இறுதியில் ஒரு நிறுவனம், அதன் இயக்குநர்கள், ஒரு லாரி ஓட்டுநர் ஆகியோர் மீது ஜொகூர் பாரு நீதிமன்றத்தில் குற்றம் சாட்டப்பட்டது. பாதிக்கப்பட்ட குடியிருப்பாளர்கள் பலர் சேர்ந்து இழப்பீடு கேட்டுத் தனியாக வழக்கும் தொடுத்தார்கள்.

அப்போது 1974-ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின்படி அட்டவணைக் கழிவைக் கண்ட இடத்தில் கொட்டுவதற்கு அதிகபட்ச அபராதம் 5 லட்சம் வெள்ளி, அல்லது ஐந்தாண்டு வரை சிறை, அல்லது இரண்டும். துப்புரவுச் செலவில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை, கவனித்தீர்களா? சட்டம் பிறகு திருத்தப்பட்டது. 2024 ஜூலை 7 முதல் இத்தகைய குற்றங்களுக்கான அதிகபட்ச அபராதம் ஒரு கோடி வெள்ளி. பாசிர் கூடாங்கிலேயே சுற்றுச்சூழல் துறையின் கிளை அலுவலகமும் அமைக்கப்பட்டது.

மறுபடியும் ஜூன் மாதத்தில்

மூன்று மாதம் கழித்து, 2019 ஜூன் 20-ஆம் தேதி, பாசிர் கூடாங்கில் மாணவர்களுக்கு மீண்டும் மூச்சுத்திணறலும் வாந்தியும். பாலர் பள்ளிகளையும் சேர்த்து 400-க்கும் மேற்பட்ட கல்வி நிலையங்கள் சில நாள்களுக்கு மூடப்பட்டன.

ஓர் ஆற்றைச் சுத்தம் செய்வதும், ஒரு வட்டாரத்தைப் பாதுகாப்பாக்குவதும் வேறு வேறு வேலைகள் என்பதை அந்த ஜூன் மாதம் காட்டியது. முதலாவதுக்கு லாரியும் பம்பும் போதும். இரண்டாவதுக்குத் தொடர்ந்த கண்காணிப்பு வேண்டும், ஆலைகளில் திடீர்ச் சோதனை வேண்டும், தகவல் மக்களுக்கு வேகமாகப் போய்ச் சேர வேண்டும்.

இது நம் ஊர்க் கதை மட்டுமா?

இல்லை. பேராக் மாநிலம் ஈப்போவுக்குப் பக்கத்தில் புக்கிட் மேராவில் அரிய மண் தாதுக்களைச் சுத்திகரித்த ஓர் ஆலை, தோரியம் கலந்த கதிரியக்கக் கழிவை விட்டுச் சென்றது. மக்கள் வழக்குப் போட்டார்கள், போராடினார்கள். 1994-இல் ஆலை மூடப்பட்டது. துப்புரவோ 2010-க்குப் பிறகும் நீடித்தது. ஆலை ஓடிய காலத்தைவிடச் சுத்தம் செய்த காலம் அதிகம்.

தமிழ்நாட்டில் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலி தொழிற்பகுதியிலிருந்து எண்ணெய் கலந்து, பக்கிங்காம் கால்வாய் வழியாக எண்ணூர் கழிமுகம் வரை பரவியது. மீனவர்களின் படகு, வலை, வீட்டுச் சுவர் எல்லாம் கறுப்பு. தொடக்க நாள்களில் மீனவர்களே வாளியும் குவளையும் வைத்து எண்ணெயை அள்ளிய காட்சிகளை நாம் பார்த்தோம். போதிய பாதுகாப்பு உடைகூட இல்லாமல்.

இலங்கையில் 2021-இல் எக்ஸ்-பிரஸ் பேர்ல் கப்பல் கொழும்புக்கு அருகே தீப்பிடித்து மூழ்கியது. நைட்ரிக் அமிலமும் டன் கணக்கான பிளாஸ்டிக் குருணைகளும் கடலில் கலந்தன. கரையில் சல்லடை வைத்து மணலைச் சலித்தார்கள். நான்கு ஆண்டு கழித்து, 2025 ஜூலையில், அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 100 கோடி அமெரிக்க டாலர் இழப்பீடு செலுத்த உத்தரவிட்டது.

மூன்று இடத்திலும் ஒரு பொது விஷயம் உண்டு. அசுத்தமாக ஒரு நாள் போதும். சுத்தமாக வருடங்கள் பிடிக்கும். அதற்கான விலையை முதலில் கொடுப்பவர்கள் பக்கத்தில் குடியிருப்பவர்கள்.

நெடி வந்தால் நீங்க என்ன செய்யலாம்?

• படம் எடுக்க ஆற்றுப் பக்கம் போகாதீங்க. முதலில் பாதிக்கப்படுவது அருகில் நிற்பவர்தான்.
• வெளியே இருந்தால், காற்று எங்கிருந்து வீசுகிறது என்று பாருங்கள். நெடியோடு காற்று போகும் திசையில் ஓடாமல், அந்தப் பாதையிலிருந்து பக்கவாட்டில் விலகுங்கள்.
• உள்ளே இருந்தால் ஜன்னல், கதவை மூடுங்கள். வெளிக்காற்றை உள்ளே இழுக்கும் விசிறி, குளிர்சாதனம் இருந்தால் நிறுத்துங்கள்.
• சாதாரண முகக்கவசத்தை நம்பாதீங்க. அது துகளைத் தடுக்கும், வாயுவைத் தடுக்காது.
• ‘இப்போ நெடி தெரியலையே’ என்று சும்மா இருக்காதீங்க. சில பொருள்களுக்கு மூக்கு சீக்கிரம் பழகிவிடும். நெடி போய்விட்டது என்று தோன்றும், வாயு அங்கேயே இருக்கும்.
• தலைசுற்றல், வாந்தி, மூச்சுத்திணறல் இருந்தால் 999-ஐ அழையுங்கள். கழிவு கொட்டுவதைப் பார்த்தாலோ சந்தேகப்பட்டாலோ சுற்றுச்சூழல் துறையின் கட்டணமில்லா எண் 1-800-88-2727.
• நேரம், இடம், நெடி எப்படி இருந்தது, யாருக்கு என்ன அறிகுறி என்று எழுதி வையுங்கள். லாரி எண் தெரிந்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள். குரூப்பில் குரல் பதிவு அனுப்புவதைவிட இந்த நான்கு வரி அதிகம் உதவும்.

கடைசியாக ஒன்று. உங்கள் வீட்டில் ஆங்கிலமோ மலாயோ சரளமாகப் படிக்காத பாட்டியோ மாமாவோ இருக்கலாம். அதிகாரப்பூர்வ அறிக்கைகள் பெரும்பாலும் அந்த இரண்டு மொழியில்தான் முதலில் வருகின்றன. அந்த இடைவெளியில்தான் வதந்தி நுழைகிறது. இரண்டு மொழியும் தெரிந்த நீங்கள் அறிக்கையைப் படித்து, மேலே உள்ள ஐந்து கேள்விகளையும் கேட்டு, அவர்களுக்குத் தமிழில் இரண்டு நிமிடம் சொல்லிவிட்டால் போதும்.

2019 மார்ச் மாதம் அந்த நான்கு நாள் இடைவெளியில் ‘ஆற்றில் இன்னும் மிச்சம் இருக்கிறதா? மண்ணைச் சோதித்தீர்களா?’ என்ற கேள்வி சத்தமாக எழுந்திருந்தால், இரண்டாவது அலை எவ்வளவு சின்னதாக இருந்திருக்கும் என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் அடுத்த முறை அந்தக் கேள்வியைக் கேட்க நமக்குத் தெரியும்.